பாண்டியம்மாள் கேட்ட குழாய்

மதுரை விமான நிலையத்தில் என் கடப்பிதழைப் புரட்டிய அதிகாரி, "அருப்புக்கோட்டையில யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "யாரும் இல்லை. ஒரு குழாயைப் பார்க்கப் போகிறேன்" என்றேன். என்னை ஒரு முறையும் கடப்பிதழை ஒரு முறையும் பார்த்தார். "தண்ணிக் குழாயா?" ஆமாம் என்றேன். மேலும் கேட்டால் தன் நேரம்தான் வீணாகும் என்று நினைத்தாரோ என்னவோ, முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார்.

உண்மையைத்தான் சொன்னேன். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாதி நாள் கணினித் துறையிலும் பாதி நாள் அரசியல் துறையிலும் வேலை பார்க்கிறேன். கணினிக்காரர்கள் என்னை அரசியல்காரி என்பார்கள். அரசியல் துறையினருக்கு அச்சுப்பொறி மக்கர் செய்தால்தான் என் நினைவு வரும். இரண்டு வீட்டிலும் விருந்தாளியாகவே இருந்து பழகிவிட்டேன்.

என் ஆராய்ச்சி கிராம சபைக் கூட்டங்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் ஊர்மக்களின் சம்மதத்தோடு அந்தக் கூட்டங்களை ஒலிப்பதிவு செய்கிறது. நான் எழுதிய நிரல் அவற்றைக் கேட்டு, யார் எதைக் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எவ்வளவு அழுத்தமாகக் கேட்டார்கள் என்று பிரித்து, சுருக்கி, அரசு அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும். பரளச்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பாண்டியம்மாள் என்ற பெண் எழுந்து தன் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டிருந்தார். நிரல் அதை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தது. குழாய் வந்தே விட்டது. கணினி சொல்லி வந்த முதல் குழாய் என்று பல்கலைக்கழகத்தில் ஒரே கொண்டாட்டம். அந்தம்மாவையும் குழாயையும் படம் எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதல் நாளே வழி தவறினேன். தொண்டு நிறுவனத்தின் எஸ்தர் திருச்சுழியில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் நான் ஏறி உட்கார்ந்தது விருதுநகர் பேருந்து. சீட்டு கேட்டபோது நடத்துநர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "திருச்சுழி கெழக்க இருக்கும்மா. நீங்க மேக்க போய்க்கிட்டு இருக்கீக. பாலவனத்தத்துல எறங்கி எதுத்தாப்புல நில்லுங்க, பஸ்ஸு வரும்."

பாலவனத்தத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். வேலை முடிந்து திரும்பும் ஒருவர் தூக்குச்சட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "சிங்கப்பூரா! எங்க மச்சான் அங்கதான் இருக்காப்ல. முருகேசன்னு பேரு. பாத்திருக்கீகளா?" பார்த்ததில்லை என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பார்த்திருப்பதாகவே சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கியில் தினமும் என்னோடு ஏறி இறங்குகிறவரின் பெயரே எனக்குத் தெரியாது. இதில் முருகேசனை எங்கே போய்ப் பார்ப்பது?

அருப்புக்கோட்டைக்கே திரும்பி, விடுதிக்குப் பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பரோட்டாவுக்குச் சீனி தொட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கூட்டம்தான். சீனி கேட்டதும் பரிமாறியவர் சமையற்கட்டைப் பார்த்து, "அண்ணே, அம்மாவுக்கு சால்னா காரம்போல" என்று குரல் கொடுத்தார். மாஸ்டரே வெளியே வந்து விசாரித்தார். வெட்கப்பட்டுக்கொண்டு சால்னாவிலேயே ஊறவைத்துச் சாப்பிட்டேன். இத்தனை வருடம் சீனியோடு சாப்பிட்டதற்காக வருந்தினேன். பயணத்தின் முதல் வருத்தம் அது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் எஸ்தரே ஸ்கூட்டியில் வந்து என்னை அள்ளிக்கொண்டாள். துடியான பெண். வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகிறது. பாண்டியம்மாள் பேசிய கூட்டம் நடந்தபோது அவள் அங்கே இல்லை. திருச்சுழியில் தாலுகா ஆபீசுக்கு வந்தவர்களின் நெரிசலுக்கு நடுவே டீ குடித்தோம். உளுந்த வடை அவ்வளவு சூட்டில் கையில் பிடிக்க முடியவில்லை, வாயில் போட்டதும் அதைவிட மோசம். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. குதிரைவாலி அறுத்த தாள் நின்ற காடுகள், அவற்றை விட்டால் சீமைக்கருவேலம். எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது சூரியன் உதிக்கும் என்பது போல. இங்கே ஒரு குழாய் என்றால் என்னவென்று அந்தச் சாலையில்தான் எனக்குப் புரிந்தது. பெருமையாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

பாண்டியம்மாளுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நெடிய உருவம், அசையாத முகம். "வாங்க டீச்சரு" என்று கும்பிட்டார். குழாய் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, சிமெண்டு மேடையோடு இருந்தது. தெருப்பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். "மவராசி, நல்லா இருப்பீக" என்று ஒருத்தி என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். பாண்டியம்மாளை மட்டும் பேசவைக்க முடியவில்லை. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றேன். "வருது" என்றார்.

பல்கலைக்கழகத்தின் ஆசை, குழாய் மேடையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து அவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்பது. அந்த அசட்டுத்தனத்தையும் செய்தேன். அவர் சிரிக்கவே இல்லை. சிரிக்க வைக்கலாமே என்று, அவர் கூட்டத்தில் பேசியதை அவரைப்போலவே பேசிக் காட்டினேன். பல மாநாடுகளில் போட்டுக் காட்டி எனக்கு மனப்பாடமான பேச்சு அது. "அவுக கொழாயில அவுக பிடிக்கட்டும்யா. வேண்டாதவுக வாசல்ல எத்தன நாளைக்குப் போயி நிக்கிறது? எங்களுக்குன்னு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க!"

ஒரு சிறுமி மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாண்டியம்மாள், "சோத்த எறக்கணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். அப்படியும் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அவர் எதிரே உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டி ஊர் எல்லையிலேயே படுத்துவிட்டது. எஸ்தர் ஆள் தேடிப் போக, நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். பாண்டியம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி ராக்கு புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏன் டீச்சரு அத எல்லாரு முன்னாடியும் பேசிக் காட்டுனீக?"

தவறாகப் பேசிவிட்டேனா என்று கேட்டேன்.

"அது ஆபீசரப் பாத்து அவ சொன்னதுன்னா நெனச்சுக்கிட்டு இருக்கீக? அவ தங்கச்சியப் பாத்துச் சொன்னது. சாடையாச் சொன்னது."

பிறகு அவளே விளக்கினாள். பாண்டியம்மாளின் தங்கை முத்துலட்சுமியும் இதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், அடுத்த தெருவில். பாண்டியம்மாள் மகள் கல்யாணத்துக்குத் தங்கையைப் போனில் அழைத்துவிட்டார். வேலை நெருக்கடி, கூடப்பிறந்தவள்தானே என்ற உரிமை. "தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு வீட்டுல வந்து கூப்பிடணும்ல? ஊருக்கெல்லாம் தாம்பாளம், கூடப் பொறந்தவளுக்குப் போனா?" முத்துலட்சுமி கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றுபோனது.

ஆனால் தண்ணீருக்கு இந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் அந்தத் தெருவுக்குத்தான் போக வேண்டும். குழாய் இருந்தது முத்துலட்சுமி வாசலில். "ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க மாட்டாளுக. ஆனா கொடத்தப் பாத்துப் பேசிக்கிருவாளுக. 'ஏ கொடமே, காய்ச்சலாக் கெடந்தியே, கஞ்சி குடிச்சியா'ன்னு இவ கேப்பா. 'இந்தக் கொடத்துக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கு'ன்னு அவ சொல்லுவா. பாண்டிக்குக் கை மூட்டு வலி. பேச்சில்லாட்டியும் கொடத்த அவ இடுப்புக்குத் தூக்கி விடுறது தங்கச்சிதான்."

அப்படியானால் குழாய் கேட்டது எதற்கு என்றேன்.

"கூட்டத்துல அன்னைக்கு இவ அப்படிச் சொன்னது எதுக்கு? அவ எந்திரிச்சு, 'ஒன்னய யாரு வேண்டாம்னது'ன்னு ஒரு வார்த்த சொல்லணும்னுதான். சொல்லியிருந்தா இவ அங்கனயே அழுதுருப்பா. எங்களுக்கெல்லாம் தெரியும். ஊரே அவ வாயப் பாத்துக்கிட்டு இருந்துச்சு." ராக்கு புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். "கொழா நல்லதுதான் டீச்சரு. எனக்கும் நடக்குற பாடு மிச்சம். ஆனா இப்ப அவளுக போற வாரதுக்கு ஒண்ணும் இல்ல."

அன்று எஸ்தரோடு திரும்பும்போது எதிரே வந்த காற்றைத் தவிர ஒன்றும் என் காதில் விழவில்லை. 'யாரிடம் கேட்டார்' என்ற கேள்விக்கு என் நிரல் சிறிதும் தயங்காமல் 'அரசு' என்று பதில் போட்டிருந்தது. அதைச் சரிபார்த்தவள் நான். எங்கள் மின்தூக்கியில் எந்தப் பகையும் இல்லாமலே யாரும் யாரோடும் பேசுவதில்லை. இங்கே பகை வந்த பிறகும் இரண்டு பேர் தினமும் காய்ச்சல் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைப் போய் நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை காபிகூடக் குடிக்காமல் மூல ஒலிப்பதிவைத் தேடி எடுத்தேன். மாநாடுகளில் நான் போட்டது நிரல் சுத்தம் செய்த பதிவு. பேச்சில்லாத இடங்களை வெட்டி எறிவதுதான் அதன் முதல் வேலை. வெட்டாத பதிவை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. பாண்டியம்மாள் "போட்டுக் குடுத்துருங்க" என்று முடித்த பிறகு மின்விசிறியின் கடகடப்பு. ஒரு காகம். யாரோ செருமுகிறார்கள். எவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். பிறகு பதிவுக் கருவிக்கு மிக அருகில் வளையல் சத்தம், தரையில் கையூன்றி எழும் ஒரு பெண்ணின் முனகல். "யக்கா…" என்று ஒரு குரல். உடனே ஒலிபெருக்கியில் அலுவலர்: "சரிம்மா, குறிச்சுக்கிட்டோம். அடுத்து யாரு?"

கருவியைப் பின்னால் பெண்கள் பக்கம் வைத்திருந்தார்கள். அந்த "யக்கா" முன்னால் நின்ற பாண்டியம்மாளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

எஸ்தரைக் கூப்பிட்டு, அந்தக் குழாயை ஓரிரு நாள் அடைத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். "மேடம், தெருவே வெளக்கமாத்தோட வரும். ஒங்களோட சேத்து எனக்கும் விழும்" என்றாள். நியாயம்தான். அவளுக்கு வேறு வேலை இருந்ததால் தனியாகவே பேருந்தில் கிளம்பினேன். இந்த முறை மூன்று பேரிடம் கேட்டு ஏறினேன்.

திருச்சுழி தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். பசித்தால் எனக்குக் கோபம் வரும், அன்றைக்கு என் மேலேயே வந்தது. ஒரு பெண்மணி பையிலிருந்து காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து என் முன் நீட்டினார். பாண்டியம்மாளின் அதே நெற்றி, அதே நெடிய உருவம். ஆனால் முகம் மட்டும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தது.

"நீங்கதான கொழா போட்ட டீச்சரு?"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "நீங்கள் முத்துலட்சுமி."

"டீச்சரு ரேடியோ மாதிரில்ல பேசுறாக" என்று சிரித்தார். "கொழா போட்டது நல்லதுதான். எங்க தெருவுலயும் நெரிசல் கொறஞ்சுபோச்சு. முன்னயெல்லாம் விடியங்காட்டி அக்காதான் முதக் கொடம் வைக்கும். இப்ப நான் எந்திரிக்கவே நேரமாயிருது."

கேட்டுவிடுவது என்று துணிந்தேன். அந்தக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து என்ன சொல்ல வந்தீர்கள் என்றேன்.

"நானா? நான் எங்க பேசுனேன்?" பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நடத்துநர் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னார்: "ஏம்ப்பா கண்டக்டரு, ஒரு ஆளு வாயத் தொறந்து பேச வந்தா, முடிக்க விடணுமா இல்லையா? முடிக்கறதுக்குள்ள அடுத்து யாருன்னு கேட்டா, அவ உக்காந்துதான போவா?"

நடத்துநர் ஒன்றும் புரியாமல், "நான் என்னம்மா பண்ணேன்?" என்றார். அது அவருக்குச் சொன்னதில்லை. இந்த முறை எனக்கு விளங்கியது. பேருந்து கிளம்பி ஊர் வந்து சேரும்வரை முத்துலட்சுமி என் பக்கம் திரும்பவில்லை.

பாண்டியம்மாள் முற்றத்தில் மிளகாய் வற்றலைக் காய வைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் நான் பேசிக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, நேற்று என்பதை முந்தாநாள் என்று உளறினேன். "அது கெடக்கட்டும், உக்காருங்க" என்றார். அந்தக் கூட்டத்தின் முழுப் பதிவு என்னிடம் இருக்கிறது, உங்களுக்குக் கேட்க வேண்டுமா என்று கேட்டேன். கையிலிருந்த வற்றலைக் கீழே போட்டார். பதிவைப் போட்டேன்.

தன் குரலைக் கேட்டு முகம் சுளித்தார். "இப்படியா கத்துனேன்?" பிறகு அந்த மின்விசிறி, காகம், செருமல், வளையல். "யக்கா…"

அவர் அசையவில்லை.

"இன்னொருக்காப் போடு."

மறுபடி போட்டேன். அதற்கும் மேல் ஒரு முறை கேட்டார். என்னிடம் ஒருமையில் பேசியதை அவர் கவனிக்கவில்லை, எனக்கு அது பிடித்திருந்தது.

"அதுக்கப்புறம் என்ன சொன்னா?"

"அதற்குள் அலுவலர் பேசிவிட்டார். உங்கள் தங்கை உட்கார்ந்துவிட்டார்."

"என்ன சொல்ல வந்தான்னு ஓம் மிசினுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அவர் எழுந்தார். கொண்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். உள்ளே போய்ப் பச்சை நிறக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன். புதுக் குழாயைத் தாண்டிப் போனார். ராக்கு வாசலில் நின்று பார்த்தாள், கூப்பிடவில்லை. தெரு முடியும் இடத்தில் ஒரு மின்கம்பம். அங்கிருந்து பார்த்தால் அடுத்த தெருவின் பழைய குழாய் தெரியும். முத்துலட்சுமி பேருந்தில் வந்த சேலையோடு குனிந்து குடத்தை அலசிக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம்தான்.

பாண்டியம்மாள் கம்பத்தடியில் நின்றார். குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார். முத்துலட்சுமி நிமிரவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள் திரும்பிவிட்டார்.

"என்ன ஆயிற்று?"

"நம்ம தெருவுலதான் தண்ணி வருதே டீச்சரு. கொடத்தத் தூக்கிக்கிட்டு எதுக்கு வந்தன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

தங்கையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள் என்றேன். அது சொல்ல முடிந்த வார்த்தையாக இருந்திருந்தால் அவர் எப்போதோ சொல்லியிருப்பார் என்பது, சொல்லி முடித்ததும் எனக்கே தெரிந்தது. அவர் வந்த வழியே நடந்து புதுக் குழாய் மேடையில் குடத்தை வைத்துத் திறந்தார். நல்ல வேகம். குடம் அதற்குள் நிறைந்துவிட்டது.

அவர் வலது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செத்த தூக்கி விடுங்க டீச்சரு."

எனக்குக் குடம் தூக்கிப் பழக்கமில்லை. அவர் இடுப்புக்கு ஏற்றுவதற்குள் பாதித் தண்ணீரை அவர் சேலையில் கொட்டிவிட்டேன்.